தனுஷ்கோடி: இரு கடலுக்கு நடுவே ஒரு குடியிருப்பு

தனுஷ்கோடியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில்தான் தொடங்குவார்கள். புயல், ரயில், கடலுக்குள் போன ஊர் என்று கதை மளமளவென்று நகரும். கேட்பவர்களுக்கும் அதுவே பிடித்திருக்கிறது. இந்தச் சொற்பொழிவு அந்த இரவைத் தவிர்க்கப்போவதில்லை. ஆனால் அதை நடுவில் வைத்துக்கொள்கிறது. காரணம் எளிது. தனுஷ்கோடி ரயில் முனையமாகவும் துறைமுகமாகவும் இருந்த காலம் 51 ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1914 பிப்ரவரி 24இல் அது தொடங்கியது. 1964 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன்பு அது யாத்திரிகர்கள் நீராடிவிட்டுப் போன துறை, வலைக்காரர்களின் கரை. அதற்குப் பின்பு இந்த அறுபது ஆண்டுகளாக மறுபடியும் வலைக்காரர்களின் கரை. நடுவில் வந்து போன நகரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரே செத்துப்போனது என்று எழுதுவது இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அங்கே இன்றைக்கும் அடுப்பு எரிகிறது.

முதலில் நிலம். இராமேசுவரம் தீவின் மேற்குப் பாதி, பாம்பன் பக்கம், அகலமானது. அடியில் பழைய பவளப்பாறை கிடக்கிறது. கிழக்கே போகப்போகத் தீவு ஒடுங்கி வெறும் மணல் நாக்காக நீள்கிறது. இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் போனால் அரிச்சல்முனை. வழியில் கோதண்டராமர் கோயில், பிறகு முகுந்தராயர் சத்திரம், அதன்பின் தனுஷ்கோடி. சத்திரத்தைத் தாண்டிய பிறகு சாலையில் நின்றால் இடமும் வலமும் கடல் தெரியும். வடக்கே பாக் நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு இவை வடகடல், தென்கடல். வடகடல் ஆழம் குறைந்தது, அடங்கியது. அதைப் பெண்கடல் என்பார்கள். தென்கடல் ஆழமும் அலையும் மிகுந்தது, அது ஆண்கடல். அலை அடங்கியிருந்தால் பெண், சீறினால் ஆண் என்ற இந்தப் பங்கீட்டில் யாருக்கு என்ன பெருமை என்பதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளலாம். தொழிலுக்கு அது சரியான அறிவு.

ஏனென்றால் இந்த இரண்டு கடலும் ஒரே நேரத்தில் கொந்தளிப்பது அபூர்வம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழ். எனவே ஒரு பக்கம் தொழில் இல்லாதபோது வலையைத் தூக்கிக்கொண்டு மணலைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போகலாம். தமிழகக் கடற்கரையில் இந்த வசதி உள்ள ஊர்கள் மிகக் குறைவு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ‘இந்தப் பொட்டல் மணலில் எதற்காக இருக்கிறார்கள்’ என்று தோன்றும். ஆண்டு முழுவதும் தொழில் நடக்கும் கரை இது என்பதுதான் பதில்.

மணல் நிலையாக நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஒரு திசையிலிருந்தும் வடகிழக்குப் பருவத்தில் மறு திசையிலிருந்தும் கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து இந்த முனையில் போடுகிறது. போட்டதை எடுத்தும் போகிறது. முனைக்கு அப்பால் தலைமன்னார் வரை சுமார் முப்பது கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் மணல் திட்டுகளைத் தீடை என்று சொல்வார்கள். ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணித்தான் பேச்சு. வரைபடத்தில் ராமர் பாலம், ஆதாம் பாலம் என்றெல்லாம் பெயர் மாறும் இடம் இதுதான். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வகுத்த கடல் எல்லை இந்தத் தீடைகளின் ஊடாகத்தான் போகிறது.

இப்படிப்பட்ட மணலில் குடிக்கத் தண்ணீர் ஏது? இருக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு என்பதால் இது நடக்கிறது. பெண்கள் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். மணல் சரியாமல் ஓரத்தைக் கையால் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் அடியில் தெளிநீர் ஊறும். அதைச் சிரட்டையால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஆழமாகத் தோண்டினாலோ அவசரப்பட்டு வழித்தாலோ உப்பு ஏறிவிடும். இருபுறமும் நூறு இருநூறு அடியில் கடல் இரைந்துகொண்டிருக்க, நடுவில் கிடைக்கிற இந்த ஊற்றுநீர் இல்லையென்றால் தனுஷ்கோடிக்கு வரலாறே கிடையாது.

வரலாற்றின் முதல் பகுதி யாத்திரை. இங்கே இரு கடலையும் மகோததி, இரத்னாகரம் என்று புராணப் பெயரிட்டு அழைத்து, அவை கூடும் இடத்தில் நீராடுவது வழக்கம். காசி யாத்திரையின் கணக்கும் இங்கேதான் திறக்கிறது. சேது எனப்படும் இந்தக் கரையில் மணல் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். வடநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது மாதக்கணக்கான நடை. அந்த வழியைக் காத்ததால்தான் இராமநாதபுரத்து மன்னர்களுக்குச் சேதுபதி என்ற பட்டம். சத்திரங்கள் வந்தன. முகுந்தராயர் சத்திரம் என்ற ஊர்ப்பெயரில் அந்த ஏற்பாட்டின் தடம் இன்னும் நிற்கிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் ‘சேது’ என்று பொறித்துக்கொண்டார்கள். கடலின் இரு கரையிலும் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் கப்பல் வந்து நின்றது தனுஷ்கோடியில் அல்ல, பாம்பனில். 1897 ஜனவரி 26இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து திரும்பியபோது இறங்கியதும், பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்ததும் பாம்பன் பக்கத்துக் குந்துகாலில்தான். தனுஷ்கோடி அப்போது நீராடும் துறை, துறைமுகம் ஆகவில்லை.

துறைமுகமாக்கியது தென்னிந்திய ரயில்வே. அதற்கு முன் கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டும். ஓர் இரவுக் கடல் பயணம். கடலைக் குறுக்காகக் கடக்கும் இடம் தனுஷ்கோடி என்பதால், பாம்பன் கால்வாய்க்கு மேல் பாலம் கட்டி ரயிலை முனைவரை கொண்டுபோய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விடத் திட்டமிட்டார்கள். தீடைகளின் மேலேயே தண்டவாளம் போட்டு இலங்கையைத் தொட்டுவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று நீளமான பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. கப்பல் போகும்போது இரு கைகளாகப் பிரிந்து மேலே எழும் ஷெர்சர் தூக்குப்பகுதி அதன் நடுவே இருந்தது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது: ஒன்று இராமேசுவரத்துக்கு, மற்றொன்று 15 மைல் தள்ளித் தனுஷ்கோடிக்கு. முக்கியமான பாதை இரண்டாவதுதான். இராமேசுவரம் கிளைப்பாதையில் இருந்த ஊர். இதை இன்று சொன்னால் இராமேசுவரத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

எழும்பூரில் ஏறினால் கொழும்பு கோட்டை வரை ஒரே டிக்கெட். போட் மெயில் என்று எல்லோரும் சொன்ன அந்த வண்டியிலிருந்து தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்களில் ஏறுவார்கள். பிற்காலத்தில் இர்வின், கோஷன். மறுகரையில் தலைமன்னார்த் துறையில் இலங்கை ரயில் காத்திருக்கும். ரயில் வந்த பிறகு சுங்கச்சாவடி, தபால் தந்தி அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், தங்கும் விடுதிகள் எல்லாம் வந்தன. மணல் நாக்கின் மேல் ஒரு சிறு நகரம் எழுந்துவிட்டது.

அந்த நகரத்தின் கட்டட முறையை இன்றும் படிக்கலாம். தேவாலயச் சுவரை நெருங்கிப் பாருங்கள். செங்கல் குறைவு. சுவரில் வைத்திருப்பது வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல். சில கற்களில் நெளிநெளியான மூளை மடிப்புப் போன்ற கோடுகள், சிலவற்றில் விரல் நுனி நுழையாத சிறு சிறு கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஓர் உயிர் குடியிருந்த அறை. கருங்கல்லுக்கு வழியில்லாத தீவில் கடல் தந்ததை எடுத்துக் கடலோரத்தில் கட்டினார்கள். அறுபது ஆண்டு உப்புக்காற்றுக்குப் பிறகும் அவற்றில் சில சுவர்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் பெயரையும் செதுக்கிவிட்டுப் போகிறார்கள்.

போட் மெயிலின் முதல் வகுப்பைப் பற்றி நினைவுக் குறிப்புகள் நிறைய உண்டு. மூன்றாம் வகுப்பைப் பற்றிக் குறைவு. ஆனால் இந்தப் பாதையின் பெரிய கதை அங்கேதான் இருக்கிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் சேர்த்துக்கொண்டுபோன குடும்பங்கள் இந்த வழியாகத்தான் கடல் தாண்டின. முந்தைய தலைமுறை தோணியில் மன்னார்க் கரை இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தது. வழியில் காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்தவர்கள் ஏராளம். பின்னாளில் அந்த நடை நின்றது. பதிலுக்கு மண்டபம் கேம்ப் வந்தது. இலங்கை அரசே நடத்திய அந்தத் தொற்றுத்தடுப்பு முகாமில் சில நாள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, துணிமணியை நீராவியில் வேகவைத்து, சீட்டுக் கொடுத்துத் தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் முன்னோர் இந்திய மண்ணில் கடைசியாகக் கால் வைத்தது இந்த மணலில்தான்.

உள்ளூருக்கும் யாத்திரையும் ரயிலும் சில வேலைகளைத் தந்தன. அப்துல் கலாமின் தந்தை யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர். அந்தப் படகு ஒரு புயலில் போனது. இரண்டாம் உலகப் போரின்போது வண்டி இடையில் நிற்காமல் போக ஆரம்பித்தது. இராமேசுவரம் ரோடு என்ற நிலையத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசினார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலைதான் தன்னுடைய முதல் சம்பாத்தியம் என்று கலாம் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

இனி அந்த இரவு. 1964 டிசம்பர் 17 அளவில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வுநிலை புயலாக வலுத்து, 22ஆம் தேதி வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. நிலத்தைக் கடந்தும் அது தளரவில்லை. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். காற்றைவிடக் கொடுமை செய்தது நீர். ஆழமான கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கி ஓடிவிட இடமிருக்கிறது. பாக் நீரிணை ஒரு தாம்பாளம். அதில் உள்ள தண்ணீரை ஒரு பக்கமாக ஊதினால் விளிம்பைத் தாண்டித்தான் கொட்டும். அந்த விளிம்பாக இருந்தது கடல் மட்டத்துக்குச் சில அடியே உயர்ந்த மணல். ஏழு மீட்டர் உயரம் வரை அலை எழும்பியதாகக் கணக்கு.

நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஆறு பெட்டிகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களுமாகத் தனுஷ்கோடியை நெருங்கியிருந்தது. சிக்னல் விழவில்லை. ஓட்டுநர் காத்திருந்து பார்த்து, விசில் கொடுத்துவிட்டு மெல்ல நகர்த்தினார். அதன் பிறகு வந்த அலையில் யாரும் மிஞ்சவில்லை. தந்திக்கம்பங்கள் விழுந்துவிட்டதால் மண்டபத்துக்கு அப்பால் உள்ளவர்களுக்குச் சேதி தெரியவே நேரமானது. இரு நாடுகளிலுமாக இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. டிக்கெட் இல்லாமல் வண்டியேறியவர்களையும், துறையில் ஒதுங்கியிருந்தவர்களையும் எந்த ஏடும் எண்ணியிருக்காது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு தேதிக் கணக்கு உண்டு. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர்களுடைய முன்னோர் புறப்பட்டுப்போன துறை அடுத்த 53 நாளில் இல்லாமல் போனது. திரும்பிவந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்க வேண்டியதாயிற்று. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ராமானுஜம் கப்பல் ஓடியது. எண்பதுகளின் நடுவில் இலங்கைப் போர் அதையும் நிறுத்தியது. மண்டபம் கேம்ப் இப்போது எதிர்த்திசையில் வந்தவர்களை வாங்கிக்கொண்டது.

பாம்பன் பாலத்தை ரயில்வே விடவில்லை. தூக்குப்பகுதி தப்பியிருந்தது, மற்ற உத்திரங்களில் 126 கடலில் விழுந்திருந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அது சீராயிற்று. விழுந்த உத்திரங்களைக் கடலடியிலிருந்தே மீட்டெடுத்து மறுபடி ஏற்றினார்கள். ஆனால் பாம்பன் – தனுஷ்கோடிப் பாதை திரும்பப் போடப்படவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு அறிவித்தது. அரசு ஏட்டில் ஊர் அத்தோடு முடிந்தது.

இந்த இடத்தில் தூரத்து ஊர் ஒன்றை நினைத்துப் பார்ப்பது பயன்படும். ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம். கடற்பறவைகளையும் ஆடுகளையும் நம்பி வாழ்ந்த சின்னஞ்சிறு கிராமம் அதில் இருந்தது. இளைஞர்கள் வெளியேறினார்கள், நோய் வந்தால் மருத்துவர் இல்லை, குளிர்காலத்தில் கப்பல் வராது. மீதமிருந்தவர்களே தங்களைக் கூட்டிப்போகும்படி அரசுக்கு மனு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29இல் கடைசி 36 பேரும் கப்பலேறினார்கள். பிறகு யாரும் குடியேறத் திரும்பவில்லை. இன்று அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். வீடுகளைக் காப்பாளர்கள் பராமரிக்கிறார்கள். அங்கிருந்து போகச் சொல்லி அவர்களை யாரும் விரட்டவில்லை, ஆனால் பிழைக்க வழி அற்றுவிட்டது. தனுஷ்கோடியில் நடந்தது நேர் எதிர். அரசு இருக்காதே என்றது. கடலில் மீன் இருந்தது. ஆகவே தப்பியவர்களில் சிலரும் அவர்கள் உறவினரும் திரும்பிவந்து கம்பிப்பாட்டிலும் பாலம் குடியிருப்பிலும் பனையோலைக் குடிசை போட்டார்கள். புயலுக்கு முந்திய தனுஷ்கோடியில் ரயில்வேக்காரர்களும் சுங்கக்காரர்களும் வியாபாரிகளும் ரயிலால் வந்தவர்கள். ரயில் போனதும் அவர்களுக்கு அங்கே வேலையில்லை. வலைக்காரர்கள் ரயிலால் வந்தவர்கள் அல்லர்.

கரைவலைத் தொழிலைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் ஆட்களிடம் விட்டுவிட்டு வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கி, சற்றுத் தள்ளி மறு முனையோடு கரை சேரும். இரு கயிற்றிலும் வரிசையாக நின்று ஆணும் பெண்ணுமாக இழுத்து, கிட்ட வரவர இரு வரிசையும் நெருங்கும். கடைசியில் மடி கரையேறும்போது சூடையும் நெத்திலியும் காரலும் துள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறையோ சீலாவோ இருக்கும். இழுத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. விற்காதது மணலில் காய்ந்து கருவாடாகும். இதற்குத் துறைமுகம் வேண்டாம், ஐஸ் ஆலை வேண்டாம். கரையும் கூட்டமும் இருந்தால் போதும்.

2017 வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை கிடையாது. வேன்கள் மணலிலும் ஓதநீரிலும் தத்தளித்துத்தான் போய்வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. இப்போது பேருந்து நிற்கிறது, சங்குக் கடையும் பொரித்த மீன் கடையும் நடக்கின்றன. கச்சான் காலத்தில் அலை கரைக்கற்களில் மோதி மணலைச் சாலையில் ஏற்றிவிடும், அள்ளிப்போட வேண்டும். தனுஷ்கோடி இன்றும் எல்லைக்கரைதான். 1983க்குப் பிறகு அகதிப் படகுகள் வந்து இறங்கிய மணல் இது. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வந்த முதல் குழுவை, கைக்குழந்தை உட்பட ஆறு பேரை, நான்காம் தீடையிலிருந்துதான் கடலோரக் காவல்படை மீட்டது. 2025 ஜூனில் இங்குள்ள நீர்த்தாழ்வுகளில் வந்து தங்கும் பூநாரைகளுக்காகச் சுமார் 525 ஹெக்டேர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ரயிலையும் மறக்கவில்லை. 2019 மார்ச்சில் இராமேசுவரம் – தனுஷ்கோடிப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 17 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மதிப்பீடு 208 கோடி ரூபாய். தண்டவாளம் வரவில்லை. வராமல் இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது. அன்று ரயில் முனைவரை போனதற்குக் காரணம் கப்பல். கப்பல் இல்லாத முனைக்கு, நகரும் மணலின் மேல், பறவைகள் இறங்கும் நீரின் ஓரமாக எதற்கு ஒரு பாதை? சாலையே மணலோடு மல்லுக்கட்டுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை அங்கே குடியிருப்பவர்களின் தண்ணீருக்கும் பள்ளிக்கும் புயல் காப்பகத்துக்கும் செலவிடலாம்.

செலவே இல்லாத வேலை ஒன்றும் பாக்கி இருக்கிறது. 1964இல் பத்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இராமேசுவரம் தீவிலேயே இருக்கிறார்கள். செய்தியாளர்கள் அவர்களிடம் கேட்பதெல்லாம் அந்த ஓர் இரவைத்தான். பள்ளி எந்தத் தெருவில் இருந்தது, கப்பல் வரும் நேரத்தில் கடைத்தெருவில் என்ன விற்றது, துறையில் மூட்டை தூக்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள், ஊற்று எங்கெங்கே இனித்தது, புயலுக்குப் பிறகு முதல் குடிசையைப் போட்டது எந்தப் பக்கம், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும். மாவட்டத்தின் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்கள் கைப்பேசியோடு போனால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை இது.